லயத்துக்குக் கீழே ஓர் உலகம்

சுசேன் கொலின்ஸ் தமது முதல் நாவலை வெளியிட்டபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். 'ஹங்கர் கேம்ஸ்' எழுதியவர் என்றுதான் உலகம் அவரை அறியும். அந்தப் புகழ் 2008இல் வந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 2003இல், சிறுவர்களுக்காக அவர் எழுதிய மாயக்கதை நாவலொன்று வெளியானது. அதற்கும் முன்னால், 1991 தொடக்கம் பன்னிரண்டு ஆண்டுகள், அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சிக்கு எழுதிப் பிழைத்தவர் அவர். ஹட்டனில் இருந்து எழுதும் எனக்கு அவருடைய புகழைவிட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே முக்கியமாகத் தெரிகின்றன. மலையகத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு மாயக்கதை எழுத்தாளர் எங்கிருந்து வருவார் என்று யோசிக்கும் போதெல்லாம் என் மனம் அங்கேதான் போய் நிற்கிறது.

நாடகம் படித்தவர் கொலின்ஸ். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் நாடக எழுத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். நிக்கலோடியன் அலைவரிசையின் சிறுவர் நாடகத் தொடர்களில் தொடங்கி, பிறகு கார்ட்டூனுக்கு வந்தார். காட்டோர வீட்டில் அம்மா அப்பாவோடு வாழும் குட்டிக் கரடியின் கதையான 'லிட்டில் பியர்', ஒஸ்வால்ட் என்ற நீல நிற எண்காலியின் கதை, கிளிஃபர்ட் என்ற சிவப்பு நாய்க்குட்டியின் கதை. கடைசியாகச் சொன்ன தொடருக்கு அவர்தான் தலைமை எழுத்தாளர். எல்லாமே பள்ளிக்கூட வாசலை இன்னும் மிதிக்காத, அல்லது இப்போதுதான் மிதித்த வயதுக்கானவை.

இந்த வேலையைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. அரை மணி நேர 'லிட்டில் பியர்' நிகழ்ச்சிக்குள் மூன்று தனிக் கதைகள் இருக்கும். ஒரு கதைக்குச் சில நிமிடங்கள். அதற்குள் ஒரு பாத்திரத்துக்கு ஓர் ஆசை வர வேண்டும், தடை வர வேண்டும், அது தீரவும் வேண்டும். கார்ட்டூனில் எதுவும் தானாக இருப்பதில்லை. நடிகரை வைத்து எடுக்கும் படத்தில் ஒரு மேசை வேண்டுமென்றால் யாராவது தூக்கி வந்து போடுவார்கள். கார்ட்டூனில் அந்த மேசையை ஒருவர் வரைய வேண்டும். ஆகவே எழுதுகிறவர் ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும். 'அவன் கவலைப்பட்டான்' என்று எழுதினால் வரைபவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. கவலைப்படுகிறவன் காலை எப்படி வைத்துக்கொள்கிறான், கையில் இருப்பதை என்ன செய்கிறான் என்று எழுத வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்று வந்தால் கதை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். இத்தனைக்கும் பிறகு, பார்க்கும் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட எழுதியவரின் பெயர் தெரியப்போவதில்லை. பெயர் இல்லாமல், அளவு பிசகாமல், வாராவாரம் எழுதுவது எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கடுமையான பயிற்சிகளில் ஒன்று.

'ஜெனரேஷன் ஓ!' என்ற கார்ட்டூன் தொடரில் வேலை செய்தபோது ஜேம்ஸ் ப்ரொய்மோஸ் என்ற சிறுவர் நூல் எழுத்தாளரைச் சந்தித்தார் கொலின்ஸ். நீங்களும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதிப் பாருங்கள் என்று தூண்டியவர் அவர்தான். கொலின்ஸின் எண்ணம் லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' பக்கம் போனது. 1865இல் வெளியான அந்தக் கதையில் சிறுமி முயல் வளைக்குள் விழுகிறாள். புல்வெளியும் முயலும் பார்த்து வளர்ந்த ஆங்கிலேயப் பிள்ளைக்கு அது பொருத்தம். நியூயோர்க் நகரத்தில் ஒரு பிள்ளை எதற்குள் விழும்? வீதியின் பாதாளச் சாக்கடைக் குழிக்குள்தான். விழுந்தால் தேநீர் விருந்தா இருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து 'கிரெகர்' வரிசை பிறந்தது. 2003 முதல் 2007 வரை, ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நாவல்கள்.

முதல் நாவலின் தொடக்கத்தைச் சொல்ல வேண்டும். கிரெகருக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறை. மற்றப் பிள்ளைகள் முகாமுக்குப் போய்விட்டார்கள். இவனால் போக முடியாது. அப்பா காணாமற்போய் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்மா வேலைக்குப் போகிறாள். வீட்டில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் பாட்டி. இரண்டு வயதுத் தங்கை பூட்ஸை யார் பார்ப்பது? இவன்தான். தங்கையையும் கூட்டிக்கொண்டு அடுக்குமாடியின் அடித்தளத்தில் துணி துவைக்கப் போகிறான். சுவரிலிருந்த காற்றுத் துவாரத்துக்குள் தங்கை போய்விடுகிறாள். அவளைப் பிடிக்கப் போய் இவனும் விழுகிறான். கீழே ராட்சதக் கரப்பான் பூச்சிகள், மனிதரைச் சுமந்து பறக்கும் வௌவால்கள், போருக்கு நிற்கும் எலிகள். பல தலைமுறைகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து ஒரு தலைவனின் பின்னால் வந்து மண்ணுக்குள் இறங்கி, வெயில் படாமல் வெளிறிப்போன ஒரு மனிதக் கூட்டம்.

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் கிரெகரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அம்மா கூடையை மாட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போன பிறகு தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் நிற்கும் அக்காவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிள்ளைக்காம்பரா மூடியிருக்கும் நாளில் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிடுகிறவள் அவள். பீலியடியில் துணி அலசுகிறவள். அப்பா கொழும்பில் கடையிலோ, அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலையிலோ இருக்கும் வீடுகளில் அவளுடைய பாரம் இன்னும் கூடும். நம் இலக்கியத்தில் அவள் பலமுறை வந்திருக்கிறாள், எப்போதும் இரங்கத்தக்கவளாக. உலகத்தைக் காப்பாற்றப் புறப்படும் கதாநாயகியாக அவளை யாரும் அனுப்பவில்லை. கொலின்ஸ் அனுப்பினார். கிரெகரின் வறுமையை அவர் மறைக்கவில்லை, அதற்காக அழவும் இல்லை. தங்கையைத் தூக்கிச் சுமந்து பழகியவன் என்பதாலேயே அவன் பாதாளத்தில் பிழைக்கத் தெரிந்தவனாக இருக்கிறான்.

இரண்டு வயது பூட்ஸ்தான் அந்த வரிசையின் மிகச் சிறந்த படைப்பு என்பது என் முடிவு. கீழுலகத்தில் எல்லோரும் கரப்பான்களை இழிவாகப் பார்க்கிறார்கள். பூட்ஸ் அப்படிப் பார்க்கவில்லை, பார்க்கத் தெரியாத வயது. எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரியும் கரப்பான்களை அவள் தனித்தனியாக அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவை அவளை இளவரசி என்று கொண்டாடுகின்றன. அவற்றில் ஒன்று அவளுக்காகப் பாலத்தின் மீது எலிகளை எதிர்த்துப் போய் உயிரை விடுகிறது. அதுவரை அருவருப்போடு படித்துவந்த பிள்ளைக்கு, ஒரு கரப்பான் பூச்சி செத்ததற்காகத் தொண்டை அடைத்துப் போகும். இரண்டு வயதுப் பிள்ளை எதைப் பார்த்துப் பயப்படும், எதைப் பார்த்துச் சிரிக்கும், ஒரே சொல்லை எத்தனை விதமாகச் சொல்லும் என்பது கொலின்ஸுக்குக் கார்ட்டூன் எழுதிய காலத்தில் கைவந்தது. குட்டிக் கரடியும் நாய்க்குட்டியும் இல்லாமல் பூட்ஸ் இல்லை.

கட்டுமானமும் அங்கிருந்து வந்ததே. அவருடைய நாவல்களைக் கையில் எடுத்து எண்ணிப் பார்க்கலாம். 'கிரெகர்' முதல் நூலில் மூன்று பாகங்கள், பாகத்துக்கு ஒன்பது அத்தியாயம், மொத்தம் இருபத்தேழு. 'ஹங்கர் கேம்ஸ்' மூன்று நூல்களும் அதே அளவு. நாடக மேடையின் மூன்று அங்கமும் தொலைக்காட்சியின் விளம்பர இடைவேளையும் சேர்ந்து செய்த அளவு அது. ஒவ்வொரு அத்தியாயமும் பிள்ளை புத்தகத்தை மூட முடியாத இடத்தில் நிற்கும். இலக்கியம் தெரிந்தவர்களில் சிலர் இதை வித்தை என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். மண்ணெண்ணெய் விளக்கடியில் பாட்டி சொன்ன கதையும் அப்படித்தான் நின்றது, மறுநாள் ராத்திரி வரை பிள்ளையைக் காக்க வைக்கும் இடத்தில்.

தொலைக்காட்சி தர முடியாத ஒன்றும் இருந்தது. குட்டிக் கரடியின் காட்டில் யாரும் சாவதில்லை. சாக விடவும் மாட்டார்கள். கொலின்ஸுக்கோ சாவைப் பற்றியும் போரைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசியே ஆக வேண்டியிருந்தது. அவருடைய தந்தை அமெரிக்க விமானப்படையில் இருந்தவர், போர் வரலாறு கற்பித்தவர். 1968இல் வியட்னாமுக்குப் போனார். அப்போது சுசேனுக்கு ஆறு வயது. அப்பா எங்கோ காட்டில் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்த, காடு என்றால் என்னவென்று தெரியாத சிறுமியின் அந்த ஓராண்டை, பிற்காலத்தில், 2013இல், படநூலாகவே எழுதினார். படம் வரைந்தவர் அதே ப்ரொய்மோஸ். திரும்பி வந்த தந்தை பிள்ளைகளைப் பழைய போர்க்களங்களுக்குக் கூட்டிப் போவார். இந்த இடத்தில் சண்டை நடந்தது என்று காட்டுவதோடு நிற்காமல், அது ஏன் வந்தது, பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்வார்.

'கிரெகர்' வரிசையின் உள்ளே ஓடுவது அந்தக் குரல்தான். முதல் நூலில் காணாமற்போன தந்தையைத் தேடும் மகன். மூன்றாம் நூலில் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. அது தானாக வந்ததல்ல, கிரெகரின் பக்கத்து மனிதர்களே ஆயுதமாக ஆக்கியது என்று பின்னால் தெரியவருகிறது. நான்காம் நூலில் சுண்டெலிகளைக் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போய் நச்சுக் காற்றில் சாக விடுகிறார்கள். கிரெகரும் மற்றவர்களும் மேலேயிருந்து பார்க்கிறார்கள், ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இனப்படுகொலை என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? வௌவால் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினார் அவர். நம் பக்கமும் பாவம் செய்யும் என்பதையும் சேர்த்துக் காட்டினார்.

நாற்பது ஆண்டுகளாக ஏதோவொரு போரின் ஓசையைக் கேட்டுக்கொண்டே பிள்ளை வளர்த்த நாடு இது. 1983 கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு இறங்கி வன்னிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுக்கு நாம் கொடுக்கும் கதைகளில் சிங்கமும் முயலும் கிணறும் இருக்கின்றன, பேராசைக்குத் தண்டனை இருக்கிறது. பாட்டியும் தாத்தாவும் ஏன் ஊர் மாறினார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை. சிறுவர் இலக்கியம் என்றால் நல்லொழுக்கம் போதிப்பது என்று முடிவு கட்டிவிட்டோம். பிள்ளைக்கு உண்மையில் இருக்கும் பயங்கள் அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன.

மலையக இலக்கியம் யதார்த்தத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள், தாங்கள் இருக்கிறோம் என்பதையே சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோர் லயத்தையும் கொழுந்தையும் கங்காணியையும் உள்ளபடி எழுதியதால்தான் நாம் இலக்கியத்துக்குள் வந்தோம். ஆனால் அதே லயத்தில் பிறந்த பிள்ளை வாசிக்கத் தொடங்கும்போது, தன் வீடு எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் துயரத்தின் இடமாகவே வருகிறது. அந்த வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கானுக்குள் ஒரு வாசல் திறக்கலாம் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டாமா?

வாசல்களுக்கா இங்கே பஞ்சம்? ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலையைக் குடைந்து போகிறது சுரங்கம், அரை கிலோமீட்டருக்கும் மேல் இருட்டு. அதற்குள் கோச்சி நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூக்குரலிடுவார்கள். அந்தச் சில கணங்களில் அவர்கள் வேறொரு உலகத்தில் இருக்கிறார்கள், கதை எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் அமையாது. உலகத்தின் பேர்போன மாயக்கதைகளில் ரயில் பிள்ளைகளை மந்திரப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறது. நம்முடைய ரயில் வேறு. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஒரே வீட்டில் அண்ணன் வண்டிக்குள்ளும் தங்கை மேடையிலும் நின்றார்கள். அந்தக் கோச்சி இன்னும் எங்கோ மலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு சிறுமி சிங்கமலைச் சுரங்கத்தில் அதற்கு மாறி ஏறிவிடுகிறாள் என்று எழுதினால், நம் பிள்ளைக்கு வரலாறும் வரும், மயிர்க்கூச்சும் வரும்.

மஸ்கெலியாவுக்குப் போனால் இன்னொரு வாசல். 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. இப்போதைய நகரம் மேட்டில் எழுந்தது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வரும். சனம் போய்ப் பார்க்கும், படம் எடுக்கும், மழை வந்தால் மறுபடி மூழ்கிவிடும். மூன்று மதங்களின் சாமிகளும் ஒரே தண்ணீருக்கடியில் அயலவர்களாகக் குடியிருக்கும் ஊர். இதைக் கற்பனை செய்ய எந்த எழுத்தாளரும் வேண்டியதில்லை. இருக்கிறது. அதற்குள் ஒரு பிள்ளையை அனுப்ப ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் சாமிகள். தமிழ்நாட்டிலிருந்து மாரியம்மனையும் மாடனையும் முனியையும் கொண்டு வந்த மக்கள், இங்கே வந்தபின் தங்களுக்கென்று புதிய சாமிகளையும் உண்டாக்கிக்கொண்டார்கள். தேயிலை ஸ்டோரில் சுற்றும் பெரிய சக்கரத்துக்கு ரோதைமுனி. தேயிலைச் செடியை வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச்சாமி. பறிப்புக்குக் கொழுந்துச்சாமி. இதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கடல் கடந்து வந்த இயந்திரம், யாருடைய பாட்டனும் கண்டிராத வேகத்தில் சுழலும் பட்டியும் உருளையும். கையைக் கொடுத்தால் கை போய்விடும். அந்தப் பயத்துக்கு எதிரே நின்றவர்கள் அதற்குள் ஒரு முனியை உட்கார வைத்து, சேவலறுத்து, இது எங்கள் ஆள் என்று ஆக்கிக்கொண்டார்கள். துரைமார் தங்கள் தோட்டங்களுக்கு டன்கெல்ட், ஸ்ட்ராத்டன், ஷெனன் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், எழுதப் படிக்க விடப்படாத மக்கள் ஓர் இயந்திரத்துக்குள் தெய்வத்தைப் பிறப்பித்தார்கள். கொலின்ஸ் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்த கீழுலகத்தை நம் முன்னோர் வாழ்க்கைக்காகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் நம்மிடம் அந்த நாவல் இல்லை? திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டறை இல்லை. பிள்ளைகளுக்காக எழுதினால் மாதச் சம்பளம் வரும் ஒரு வேலை, மறுவாரம் மறுபடி எழுத வேண்டிய கட்டாயம், இது பிள்ளைக்குப் புரியாது என்று தாளைத் திருப்பித் தரும் ஒரு மேலாளர். கொலின்ஸுக்குக் கிடைத்தவை இவைதான்.

சிங்களப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பங்கு கிடைத்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்தில், அங்கே மொழிமாற்றுப் பணியைக் கட்டியெழுப்பியவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வுக்குப் படத்தொகுப்புச் செய்தவர். 'ஹந்தயா' போன்ற படத்தைச் சிறுவர்களுக்காக எடுத்தவர். கார்ட்டூனைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. பக்ஸ் பனி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று கிராமத்துக் குறும்போடு பேசியது. டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். ஒரு தலைமுறை அவரை நெஞ்சில் வைத்திருக்கிறது. 2011இல் அவர் மறைந்தார். நமக்கு அப்படியொருவர் அமையவில்லை. நம் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் சென்னையிலிருந்து வந்தது. 2007இல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு, லயத்துக் கூரைகளில் முளைத்த டிஷ்களின் வழியாக டோராவும் ஜாக்கி சானும் காம்பராவுக்குள் வந்தார்கள். அந்தத் தமிழ் துடிப்பானது, பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது, அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஹட்டன் பிள்ளை கார்ட்டூன் தமிழில் பேசி விளையாடும்போது அதில் இஸ்தோப்பும் பீலியும் இருப்பதில்லை. நம் ஊரில் ஒருவருக்கும் அதனால் எழுதும் வேலை கிடைக்கவுமில்லை.

வானொலி நமக்குப் பட்டறையாக இருந்த காலம் ஒன்று உண்டு. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியில் குரல் கொடுத்து வளர்ந்தவர்களில் ஒருவர்தான் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத். ராமையா வானொலி நாடகங்கள் எழுதியவர். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு காட்சியைக் காண வேண்டும் என்ற கட்டாயம் அவருடைய கையைப் பழக்கியது. 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பின் உரையாடல்கள் அப்படிக் கச்சிதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் வாண்டுமாமாவைப் பாருங்கள். 1925இல் புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, 'கோகுலம்', 'பூந்தளிர்' போன்ற சிறுவர் இதழ்களில் உழைத்தவர். ஓவியர் வரைவதற்காகப் படக்கதை எழுதியவர். கட்டத்துக்குக் கட்டம் என்ன தெரிய வேண்டும் என்று யோசித்துப் பழகிய அந்த மனத்திலிருந்துதான் மந்திரக்கோட்டையும் பறக்கும் தீவுமான கதைகள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. கொலின்ஸுக்குத் தொலைக்காட்சி என்றால் இவருக்குப் பத்திரிகை. தொழில் ஒன்றுதான்.

சோற்றுக்கும் கொப்பிக்கும் வழியில்லாத பிள்ளைகளுக்கு மாயக்கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சங்கக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நல்ல மனத்தோடு கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் ஒரே பதில்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வீட்டை மண் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எந்த மலையில் மழை வலுத்தாலும், இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசியும் வேண்டும், பாதுகாப்பான காணியும் வேண்டும், தனி வீடும் வேண்டும். மண்ணுக்குக் கீழே போனவர்களைப் பற்றி அவர்களோடு பேச ஒரு வழியும் வேண்டும். பாடப்புத்தகத்துக்கு அந்த வழி தெரியாது. செய்தித்தாள் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போய்விடும். கீழே இறங்கிப் போய், இருட்டில் நடந்து, அப்பாவைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து மேலே கூட்டி வருகிற கதையை ஒரு பிள்ளை வாசித்தால் அது தப்பி ஓடுவதாகாது. தன் பயத்தோடு தனியாகப் படுத்திருந்த பிள்ளைக்கு அது துணை.

கொலின்ஸ் இதைச் செய்து காட்டியவர் என்பதால்தான் அவரை ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். பாதாளத்திலிருந்து கிரெகர் திரும்பி வரும்போது அவன் வீட்டில் வறுமை தீர்ந்திருக்காது. அப்பா கிடைத்தாலும் நோயாளியாகத்தான் கிடைக்கிறார். ஐந்தாம் நூலின் முடிவில் அவன் கண்ட சாவுகளை அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. கொலின்ஸ் பொய்யான ஆறுதலைத் தரவில்லை. சிறுவர் எழுத்தில் இந்த நேர்மை அரிது, கார்ட்டூனிலிருந்து வந்த ஒருவரிடம் இதை எதிர்பார்த்தவர்கள் குறைவு.

2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே நடந்தோம். கோப்பிக் காலத்தில் அந்தக் காட்டு வழியில் விழுந்தவர்களை நினைத்து விளக்கேற்றினோம். அந்த நடையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் மாயக்கதை இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். கோப்பி இலைகளில் மஞ்சள் தூளாகப் படிந்து ஒரு பயிரையே அழித்த பூஞ்சணமும் அதில் வரட்டும், ரோதைமுனியும் வரட்டும்.

அதற்கு நாவலாசிரியருக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் பட்டறையைத் தொடங்குவோம். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் வாரத்துக்கு ஒருநாள் ஏழு நிமிடம் ஆசிரியர்கள் ஒதுக்கட்டும், அதற்கு ஒரு புதிய கதைப் பிரதி ஒவ்வொரு வாரமும் எழுதப்படட்டும். தமிழ் வானொலிகளும் நேத்ரா, வசந்தம் போன்ற தொலைக்காட்சிகளும் சிறுவர் நிகழ்ச்சிக்கு எழுதுகிறவருக்குக் கூலி கொடுக்கட்டும், பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பதோடு அந்த அரை மணி நேரத்தை முடித்துவிட வேண்டாம். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைச் சேகரித்துத் தந்ததுபோல, ஸ்டோர்களிலும் மலைகளிலும் இருக்கும் சாமிகளின் கதைகளை வயதானவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையை நம் பட்டதாரிகள் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பெரியவர்கள் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் நீங்கள் தோட்டத்தில் பிறந்தவராக இருந்தால், உங்கள் ஸ்டோரின் முனிக்கு என்ன பெயர், அவர் எதற்குக் கோபப்படுவார், எதைப் படைத்தால் சாந்தமாவார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி, பக்கத்திலுள்ள பாடசாலையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.